தேரி மணலில் ஜெனரேட்டர் இரவு: நெல்லைச் சீமையில் நான்கு நாள்

மே 8, திருநெல்வேலி டவுன்

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள். காலை ஒன்பது மணிக்கே ஜங்ஷன் வாசலில் நின்ற ஆட்டோவின் கம்பியைத் தொட முடியவில்லை. டவுனுக்கு 120 ரூபாய். பெட்டிகளின் கனத்தைப் பார்த்த பிறகும் டிரைவர் அண்ணாச்சி ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை.

இந்த வெயிலை எண்ணித்தான் பயணமே. கலிஃபோர்னியாவில் பாம் டெசர்ட் என்றொரு சிற்றூர். அதைச் சுற்றிய பாலையில் 1980களின் பிற்பாதியில் பையன்கள் பெட்ரோல் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மலையிடுக்கில் இறக்கி, கிதார் ஓசையைப் பெருக்கும் ஆம்ப்களைச் செருகி இரவெல்லாம் வாசித்தார்கள். மேடையோ டிக்கெட்டோ கிடையாது. வாய்ச்சொல்லிலேயே கூட்டம் வந்தது, போலீஸ் வந்ததும் கலைந்தது. யானிங் மேன், கையஸ் போன்ற குழுக்கள் வளர்ந்தது அந்த மணலில். ஸ்டோனர் ராக் என்று பிறகு பேர் வாங்கிய அடர்ந்த, தாழ்ந்த, நீண்ட ஓசை அங்கே முற்றியது. வெயில், மணல், பனை மூன்றும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடுகளிலும் உண்டு. அங்கே ஒரு மாலை வாசிக்க நாலு பேர், ஒரு வேன், இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட்.

முதல் வேலை டிரான்சிஸ்டர் தேடுவது. இந்த இசையின் கரகரப்பு, கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே செருகும் ஃபஸ் பெட்டியிலிருந்து வருகிறது. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்னும் பெட்டி இரண்டே டிரான்சிஸ்டர் கொண்டது, அதுவும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்தது. அந்த இனத்தைச் சேர்ந்த ஏசி 128ஐ நம் பாரத் எலக்ட்ரானிக்ஸும் செய்து கொண்டிருந்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில் அது ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ரத வீதிக்குப் பின் சந்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை. அண்ணாச்சி எழுபதைத் தாண்டியவர். பேரைச் சொன்னதும் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்தார். அதில் பன்னிரண்டு இருந்தன.

எடுத்ததும் வாங்கிவிடக்கூடாது, கசிவு பார்க்க வேண்டும், அதாவது மூடியிருக்கும்போதும் ஒழுகும் மின்சாரம். டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை எமிட்டரில் கொடுத்து, கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைனஸுக்குப் போக வேண்டும். பேஸ் கால் எதிலும் படாமல் நிற்கட்டும். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே மீட்டர் காட்டுவது கசிவு. 0.25 வோல்ட் என்றால் ஏறக்குறைய 100 மைக்ரோ ஆம்பியர், அது போதுமான அளவுக்கு நல்லது. அடுத்து பேஸிலிருந்து 2.2 மெகா ஓம் வழியாக மைனஸைத் தொட்டால் அளவு ஏறும். ஏறிய பிறகு உள்ளதிலிருந்து கசிவைக் கழித்து நூறால் பெருக்கினால் பெருக்கம் கிடைக்கும். பெட்டியின் முதல் டிரான்சிஸ்டருக்கு 70, இரண்டாவதுக்கு 120 பக்கம் இருந்தால் ஓசை கனியும். விரலால் பிடித்தபடி அளக்கக் கூடாது, உடம்புச் சூட்டிலேயே முள் ஏறும்.

அண்ணாச்சி இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஃபேனைத் திருப்பி வைத்தார். "இது சூடு தாங்காது தம்பி. சித்திரையில ஜோடிக்கு ஒரு ஜோடி செத்துப்போயி வரும். மார்கழியில ஒண்ணும் வராது." உண்மை. பத்து டிகிரி ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பன்னிரண்டில் தேறியது ஐந்து. "எவ்வளவு அண்ணாச்சி?" என்றதற்கு "குடுக்கதக் குடுங்க" என்றார். கடைசியில் ஐந்துக்கும் சேர்த்து 200 வாங்கிக்கொண்டு, கலர் சோடா வரவழைத்துத் தந்தார்.

அந்தக் கடையில் இரண்டு செய்திகள் கிடைத்தன. கேசட் காலத்தில் பேட்டரி இறங்கிய டேப்பில் பாட்டு மெதுவாகி, சுருதியும் கீழே போகும். சில பையன்கள் அதற்காகவே பழைய செல்லைப் போட்டுக் கேட்பார்களாம். மற்றது சிலோன் ரேடியோ. அந்தக் காலத்தில் இரவில் சிற்றலையில் வந்த ஆங்கிலப் பாட்டு அலைபோல ஏறி இறங்கிச் சுழலுமாம். ஒரே அலை வானடுக்கில் பட்டு வேறு வேறு வழியாக வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் அப்படி ஆகிறது. மனத்தை மிதக்க வைக்கும் சைக்கடெலிக் கிதாரில் கேட்கும் சுழற்சிக்கும் இதுவே கணக்கு. அந்தச் சுழற்சியைத் தரும் யூனி-வைப் என்ற கிதார்ப் பெட்டியை வடிவமைத்த ஜப்பானின் ஃபுமியோ மியேதா, மாஸ்கோ வானொலி சிற்றலையில் அலைவதைக் கேட்டே அந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நெல்லைச் சீமையின் திண்ணைகளில் அந்த ஓசையை எத்தனையோ பேர் காசில்லாமல் கேட்டிருக்கிறார்கள்.

மதியம் சொதிச் சாப்பாடு, இலை 130 ரூபாய். தேங்காய்ப்பாலின் இனிப்பை இஞ்சித் துவையல் அறுத்துக்கொண்டே போனது. மூன்றாம் தடவை சொதி ஊற்றியவர் போதும் என்று சொல்ல விடவில்லை.

மே 9, சேரன்மாதேவிப் பக்கம்

ஆற்றங்கரைக்கு உள்ளே தள்ளி ஒரு சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. அழைப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. வேனை நிறுத்திய இடத்திலேயே ஒரு பெரியவர் "எங்கேருந்து வாறிய? மொதல்ல சாப்புடுங்க" என்று பந்திக்குக் கூட்டிப்போனார். சோறு, சாம்பார், அவியல், வாழைக்காய்க் கூட்டு. புழுக்கத்தில் இலையில் வியர்வை சொட்டியது.

இந்த ஊருக்கு வந்தது மகுடம் என்ற தோற்கருவிக்காக. கணியான் கூத்தில் அண்ணாவி முன்னால் நின்று சுடலை கதையைப் பாடுவார். பெண் வேடமிட்டவர்கள் ஆடுவார்கள், இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். உச்சத்தை ஓலைத்தீயில் காட்டிக் காட்டி முறுக்கேற்றினார்கள். தோலில் இருக்கும் ஈரம் போனால் அது இறுகி, சுருதி ஏறும். மந்தத்தைத் தளர்வாகவே விட்டார்கள். ஆற்றுக்காற்றின் ஈரத்தில் உச்சம் அரைமணிக்கொரு தரம் இறங்கிவிட, மறுபடி தீக்குப் போனது. நேற்று அளந்த ஜெர்மானியம் சூட்டில் கெடுகிறது, இந்தத் தோலோ சூட்டில்தான் வாய் திறக்கிறது. இரண்டையுமே வெயிலைப் பார்த்துக் கையாளத் தெரிந்தவர்தான் அடிக்க முடியும்.

நள்ளிரவை ஒட்டிய கொடையில் மகுடம் ஒரே அடியை விடாமல் பிடித்தது. ஏழு நிமிடம் வரை எண்ண முடிந்தது. அதற்குப் பிறகு எண்ணுவது தானாகவே விட்டுப்போயிற்று. மந்தம் காதில் கேட்பதை விட விலா எலும்பில் கேட்டது. கனத்த ராக்கில் ரிஃப் என்னும் ஒரே சிறு கிதார் வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதன் வேலையும் இதுதான். ஸ்லீப் என்ற கலிஃபோர்னியக் குழு 1990களின் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒற்றைப் பாட்டைப் பதிவு செய்தது. இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. கொடையில் உட்கார்ந்தவருக்கு அந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. வேற்றுமை ஒன்று உண்டு. இங்கே சாமி வரும் நேரத்தில் தாளத்தின் காலம் விரைந்து மேலே ஏறும். ஸ்லீப் போன்றவர்கள் இன்னும் மெதுவாக்கிக் கீழே இறங்குவார்கள்.

ஸ்டோனர் என்ற பேர் கஞ்சாவிலிருந்து வந்தது. அந்தப் பாட்டுக்காரர்களில் பலர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் தோல், நரம்பு, மின்சாரம், நேரம் ஆகிய நாலையும் கற்றுக்கொண்டவனுக்கே அந்த ஓசை வரும். புகை அதைக் கற்றுத்தராது. இந்தக் கூத்தில் அண்ணாவி இரவு முழுக்கக் குடித்தது பால் விடாத சுக்குக் காப்பி.

மைக் செட் போட்ட தம்பி ஒரு வழக்கம் காட்டினான். மகுடத்துக்கு மைக்கை நேரே வைக்காமல் தோலின் ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளி, சாய்த்து வைக்கிறான். நேரே வைத்தால் அடி மட்டும் விழும், நாதம் வராது என்றான். டிரம் செட்டின் பெரிய கொட்டுக்கும் அது பொருந்தும்.

மே 10, தேரி

சேரன்மாதேவியிலிருந்து நாங்குநேரி, சாத்தான்குளம் வழியாக வந்தோம். சாத்தான்குளம் தாண்டினால் மண்ணின் நிறம் மாறுகிறது. முதலில் பழுப்பு, பிறகு செங்கல், கடைசியில் குங்குமம். மணலைச் சுற்றிய இரும்பு ஆக்சைடுப் பூச்சுதான் அந்தச் சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த மேடுகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. 1986 வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. ஊர்க்காரர்கள் இன்னும் நெல்லைச் சீமை என்றே சொல்கிறார்கள்.

குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி வனத்துறைக் காப்புக்காடு. அங்கே நுழைந்து ஜெனரேட்டர் போடக்கூடாது. காயாமொழிப் பக்கம் ஒரு பனந்தோட்டத்து உரிமையாளரிடம் அனுமதி. போலீஸ் நிலையத்தில் எழுத்தில் கடிதம். ஒலிபெருக்கி விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பதால் மாலை 6.30க்குத் தொடங்கி 9.45க்கு நிறுத்துவதாகக் கணக்கு.

வண்டித்தடத்தை விட்டு இறங்கிய இருபதாவது அடியில் வேன் அச்சுவரை மணலில் புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் தோண்டும். பனையேறி ஒருவரும் அவர் மகனும் கருக்கு மட்டைகளைக் கொண்டு வந்து சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே பரப்பினார்கள். டயர் காற்றை 36இலிருந்து 18க்கு இறக்கி, இரண்டாவது கியரில் மெல்ல விட்டதும் ஏறி வந்தது. காசு நீட்டியதற்கு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மணி 4.10. வேனுக்குள் 43 டிகிரி. ஃபஸ் பெட்டியைச் செருகினால் சுருதி வந்த வேகத்தில் அறுந்து, காகிதம் கிழிவது போலத் தெறித்தது. இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் இருக்க வேண்டியது 7ஐத் தாண்டியிருந்தது. முதல் டிரான்சிஸ்டரின் கசிவு கூடினால் அதன் கலெக்டர் கீழே போகும். இரண்டாவதுக்கு ஊட்டம் குறையும், அது பாதி மூடிக்கொள்ளும். இதற்காகவே அந்தக் கலெக்டரின் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில், திருகினால் அளவு மாறும் 20 கிலோ ஓம் டிரிம்பாட் வைத்திருந்தது உதவியது. அதை ஏற்றிக்கொண்டே போனதில் 14 கிலோ ஓம் பக்கம் 4.6 வந்து நின்றது. பெட்டியை ஈரத்துணி சுற்றிய மண் கலயத்தின் நிழலில் வைத்த பிறகு மறுபடி இறக்க வேண்டியிருந்தது. இரவில் காற்று குளிர்ந்ததும் இன்னொரு முறை. வெளியில் வாசிப்பவர் டிரிம்பாட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், மேலே குமிழாக வைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மானிய ஃபஸ்ஸில் இன்னொரு ஆபத்து. அதில் பிளஸ்தான் தரை, அதாவது பொது இணைப்பு. காலால் மிதிக்கும் மற்ற ஓசைப் பெட்டிகளான பெடல்களோடு ஒரே அடாப்டரின் சங்கிலி வயரில் போட்டால் அடாப்டர் ஷார்ட் ஆகும். மாலை ஐந்தரைக்கு அவசரத்தில் அதுவே நடந்து, எல்லாப் பெடலும் ஒன்றாக இருண்டன. ஃபஸ்ஸைப் பிடுங்கித் தனி பேட்டரி போட்டதும் உயிர் வந்தது.

மாற்றாகக் கொண்டுவந்த சிலிக்கான் பெட்டி, பிசி 108 டிரான்சிஸ்டர் போட்டது, சூட்டுக்கு அசையவில்லை. ஆனால் வயரைச் செருகி வாசிக்காமல் விட்டால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் செய்தி படித்தது. தூத்துக்குடி வானொலியின் மத்திய அலை, 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோ ஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும் குரல் போனது, கரகரப்பின் மேல்நுனி கொஞ்சம் மழுங்கியது. அந்த மழுக்கம் இந்த இசைக்கு நல்லதுதான்.

மின்சாரம். வாடகை ஜெனரேட்டர் 3 கேவிஏ, இரவுக்கு 1,800 ரூபாய், பெட்ரோல் தனி. இரண்டு 100 வாட் வால்வ் ஆம்ப் தலா 300 வாட் இழுக்கும். பேஸ் ஆம்ப் 600, பாட்டு மைக்குக்கான பெட்டிகள் 500, விளக்கு 50. ஆக 1,750. இதற்கு மேல் ஏற்றினால் பெரிய கொட்டு விழும் ஒவ்வொரு அடிக்கும் விளக்கு கண்சிமிட்டும். இரைச்சலுக்காக ஜெனரேட்டரை 40 மீட்டர் தள்ளி, காற்றுப் போகும் பக்கமாக வைக்க வேண்டும். வாடகைக்காரர் கொடுத்த வயர் 1 சதுர மில்லிமீட்டர். போக வர 80 மீட்டரில் 8 ஆம்பியருக்கு அதில் 11 வோல்ட்டுக்கு மேல் விழும், வயரும் சுடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 5 வோல்ட்டுக்குள் அடங்கும். காயாமொழி எலக்ட்ரீஷியன் ஒருவர் தன் வீட்டுச் சுருளையே தூக்கிக்கொண்டு வந்தார்.

அதிர்ச்சி வாங்காமல் இருக்க அவர் செய்தது முக்கியம். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் இரும்புச் சட்டத்தோடும் எர்த் கம்பியோடும் ஒரே இடத்தில் இணைத்து, அதன் பின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச், போட்டார். இணைக்காமல் விட்டால் ஆர்சிசிபி இருந்தும் விழாது. எல்லா ஆம்ப்களும் மைக்கும் ஒரே பலகையிலிருந்து எடுக்க வேண்டும். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தால் கிதார்க் கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும்போது அடிக்கும். தேரி மணல் காய்ந்து கிடப்பதால் எர்த் கம்பியைச் சுற்றி ஒரு கிலோ உப்பும் நாலு குடம் தண்ணீரும் ஊற்றினோம். தண்ணீர் விழுந்த சத்தம் கேட்கும் முன் உள்ளே போய்விட்டது.

சுருதி. கிதாரை வழக்கமான ஈ சுரத்திலிருந்து சீ சுரம் வரை, நாலு அரைச்சுரம் இறக்கினோம். அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸிலிருந்து 65க்கு வரும். 46 அளவுக் கம்பியில் இறக்கினால் கயிறு போலத் தொங்கி, ஃபிரெட்டில் அடிக்கும். 56 அல்லது 60 வேண்டும், அதற்கேற்பக் கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்தவும் வேண்டும். இந்த இறக்கத்துக்கு மூலமானவர் பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்தும் விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிகள் செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி போட்டார். பிறகு கம்பியைத் தளர்த்தி 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் இறக்கினார். பாலைக்காரர்கள் அதற்கும் கீழே போனார்கள். கையஸின் ஜாஷ் ஹோமி கிதாரையே பேஸ் ஆம்பில் செருகி வாசித்தார்.

வெளியில் நின்றதும் அதன் பயன் புரிந்தது. அறையில் சுவர் திருப்பித் தரும் தாழ்ந்த ஓசை இங்கே திரும்பி வராது. 65 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். அது பனைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உச்ச ஓசையைக் காய்ந்த மணல் உறிஞ்சும். ஆறடி தள்ளி நின்றால் மலை, முப்பதடி தள்ளினால் ரேடியோ. ஸ்பீக்கர்ப் பெட்டிகளைத் தனித்தனியாகப் பரப்பாமல், எல்லாவற்றையும் ஒட்டி அடுக்கி, தரையிலேயே வைத்தபோது அடிநாதம் கூடியது. மணலில் நேரே வைக்காமல் கீழே பனஞ்சட்டம். டிரம் காலுக்கும் அதுவே, இல்லாவிட்டால் பெரிய கொட்டு ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் நகரும்.

ஏழு மணிவரை கொண்டல் என்னும் கீழ்க்காற்று அடித்தது, சிம்பலின் ஓசையை மேற்கே கொண்டுபோனது. காற்று நின்றதும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் குறைந்த நிலா வெளிச்சம் செம்மணலில் விழுந்து மணல் கறுத்துத் தெரிந்தது. பனையேறி வீட்டார், எலக்ட்ரீஷியன், ஆடு மேய்க்கும் இரண்டு சிறுவர் என்று பதினோரு பேர் உட்கார்ந்து கேட்டார்கள்.  இந்த இரவுக்குக் கூட்டம் இவ்வளவுதான், அதில் குறை ஒன்றுமில்லை. கடைசிப் பாட்டு 22 நிமிடம், நாலே சுரம். 9.45க்கு ஜெனரேட்டரை அணைத்தபோது தேரியின் அமைதி காதை அடைத்தது.

மே 11, காயாமொழி

காலை ஆறரைக்குப் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் அது பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கை விரலால் கோதிப் போட்டுக் கொடுத்தார் பனையேறியின் மனைவி. பட்டை 40 ரூபாய். "ராத்திரி தூங்கவே இல்ல. ஆனா நல்லாருந்துச்சு" என்றார்.

பிறகு சுத்தம். தேரி மணல் மாவு போன்றது, கிதாரின் குமிழுக்குள்ளும் ஜாக்கிலும் புகுந்து கரகரக்கும். தண்ணீரோ எண்ணெயோ விட்டால் சேறாகும். முதலில் சைக்கிள் பம்பால் ஊதி, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, கடைசியில்தான் கான்டாக்ட் கிளீனர். கடல் உப்பு ஒட்டிய கம்பிகள் ஓர் இரவில் மங்கிவிட்டன, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். டயருக்குக் காற்றுப் பிடிக்கக் காயாமொழியில் நின்றோம், நாலுக்கும் 40 ரூபாய்.

பக்கத்து டீக்கடையில் கருப்பட்டிக் காப்பி. பெஞ்சில் இருந்த பெரியவர் டிரம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ராத்திரி எந்தக் கோயில்ல கொடை?" என்று கேட்டார். அவர் ஊர் தோட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். பொழுது சாய்ந்ததும் மணல் சீக்கிரம் குளிரும். மேலே சூடான காற்று மூடிக்கொள்ளும்போது ஓசை வானுக்குப் போகாமல் கீழே வளைந்து தொலைவுக்குப் போகும். அடுத்த முறை அந்த ஊருக்கும் முன்னதாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

"கொடை இல்ல தாத்தா, பாட்டுதான்."

"அப்படியா? மந்தம் நல்லாக் கேட்டுச்சு. உச்சத்தத்தான் காணும்" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே.